எரர் 24: எக்ஸ்ட்ராபேக்கப்பும் ஓப்பன் ஃபைல் லிமிட்டும், சில வருட அனுபவம்

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வர்களுக்கு பேக்கப் எடுக்க சில வருடங்களாக பெர்கோனா எக்ஸ்ட்ராபேக்கப் என்ற கருவியைத்தான் நம்பி ஓட்டுகிறேன். டேட்டாபேஸை நிறுத்தாமல் ஃபைல்களை அப்படியே நகலெடுக்கும். டேட்டா பெரிதாக இருந்தால் ரீஸ்டோர் செய்யும் வேகத்தில், டேட்டாவை எஸ்க்யூஎல் கட்டளைகளாக எழுதித் தரும் மைஎஸ்க்யூஎல்டம்ப் இதன் பக்கத்தில்கூட வராது. இத்தனை நாளில் என்னை அதிகம் படுத்தியது ஒரே ஒரு விஷயம்: எரர் 24, 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்', அதாவது ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி ஃபைல்கள் திறந்திருக்கின்றன.

எங்கள் அமைப்பில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனி டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபியில், 5.6 முதல் டேபிள் ஒவ்வொன்றும் தனி ஐபிடி (.ibd) ஃபைலில் இருப்பதுதான் இயல்பு. பார்ட்டிஷன் செய்த டேபிள் என்றால் பார்ட்டிஷனுக்கு ஒரு ஃபைல். மாதவாரியாகப் பிரித்த ஒரே டேபிள், பத்து வருடக் கணக்கு சேர்ந்தால் 120 ஃபைல். எக்ஸ்ட்ராபேக்கப் தொடக்கத்திலேயே இவை எல்லாவற்றையும் திறந்துவிட்டு மூடாமல் கையில் வைத்திருக்கும். பேக்கப் ஓடும்போது யாராவது டேபிளின் பெயரை மாற்றினாலும் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக அப்படி. ஆனால் லினக்ஸ் ஒரு ப்ராசஸுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் சாஃப்ட் லிமிட் (ஹார்ட் லிமிட் என்ற உச்சவரம்பு வரை ப்ராசஸ் தானே ஏற்றிக்கொள்ளக்கூடிய அளவு) 1024தான். புது வாடிக்கையாளர்கள் சேரச் சேர, நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பேக்கப் ஒருநாள் இரவு விழுந்துவிடும்.

விழுந்தால் லாக் ஃபைலின் முதல் சில வரிகளைப் பாருங்கள். எத்தனை கேட்டது, எத்தனை கிடைத்தது என்று எக்ஸ்ட்ராபேக்கப் அங்கேயே எழுதிவிடும். எங்களுடைய ஒரு சென்ட்ஓஎஸ் 7 சர்வரில், கேட்டது 100000, கிடைத்தது 1024. ஓப்பன்-ஃபைல்ஸ்-லிமிட் ஆப்ஷன் கட்டளையில் சரியாகத்தான் இருந்தது. யூசர்களுக்கான வரம்புகளை எழுதும் லிமிட்ஸ்.கான்ஃப் ஃபைலிலும் லிமிட் ஏற்றியிருந்தது. கையால் ஓட்டினால் முழுசாக முடிகிறது, இரவில் சிஸ்டம்டியின் (லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் நிரல்) டைமர் ஓட்டினால் விழுகிறது.

காரணம் இதுதான். லிமிட்ஸ்.கான்ஃப், பாம் (PAM) என்ற லாகின் சரிபார்ப்பு அமைப்பு வழியாக வரும் செஷனுக்கு மட்டும். சிஸ்டம்டி கிளப்பும் சர்வீஸ் அதைப் பார்ப்பதே இல்லை. அந்தப் பழைய சிஸ்டம்டியில் சர்வீஸுக்கு ஹார்ட் லிமிட் 4096. ரூட் அல்லாத யூசர் அதைத் தாண்டிக் கேட்டால் கர்னல் மறுத்துவிடும், பழைய 1024தான் மிஞ்சும். பேக்கப் சர்வீஸுக்காக சிஸ்டம்டி படிக்கும் யூனிட் ஃபைலில் லிமிட்நோஃபைல் வரியைப் போட்டு டீமன்-ரீலோட் கொடுத்ததும் அன்றிரவே சரியானது. சிஸ்டம்டி 240 முதல் ஹார்ட் லிமிட் 524288 ஆகிவிட்டது. ஆனால் சாஃப்ட் லிமிட் இன்றும் 1024தான், அதனால் புது சர்வரிலும் ஓப்பன்-ஃபைல்ஸ்-லிமிட் ஆப்ஷனை விட்டுவிடாதீர்கள்.

டெபியன், உபுண்டுவில் இன்னொரு கண்ணி உண்டு: லிமிட்ஸ்.கான்ஃபில் நட்சத்திரக் குறி போட்ட வரி ரூட்டுக்குச் செல்லாது. ரூட் என்று பெயரைச் சொல்லித் தனி வரி எழுத வேண்டும். எந்த ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்காமல், பேக்கப் ஓடும்போதே ப்ராக் டைரக்டரிக்குள் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழுள்ள லிமிட்ஸ் ஃபைலைத் திறந்து பார்ப்பேன். அதில் இருப்பதுதான் உண்மை.

க்ளோஸ்-ஃபைல்ஸ் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, வேலை முடிந்த ஃபைலை மூடிவிடும். எரர் உடனே போய்விடும் என்பதால் பலர் இதைப் பரிந்துரைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பேக்கப் முரண்பட்டுப் போகலாம் என்று அதன் ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். ரீஸ்டோர் செய்யும் நாளில் கைவிடக்கூடிய பேக்கப்பை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

மைஎஸ்க்யூஎல்டம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதே 24, எரர் 1016-உடன், டேபிள்களைப் பூட்டும் லாக் டேபிள்ஸ் கட்டத்தில் வரும். அங்கே முட்டுவது மைஎஸ்க்யூஎல் சர்வரின் சொந்த லிமிட், ஏனென்றால் ஒரு டேட்டாபேஸின் டேபிள்கள் அத்தனையையும் அது ஒரே நேரத்தில் திறந்து பூட்டுகிறது. எல்லாம் இன்னோடிபி என்றால் சிங்கிள்-ட்ரான்ஸாக்‌ஷன் ஆப்ஷனைக் கொடுத்தால் போதும், பூட்டே தேவைப்படாது.

லிமிட்டைவிட எனக்கு அதிக பயம், பேக்கப் விழுந்ததே தெரியாமல் போவதுதான். எக்ஸ்ட்ராபேக்கப்பின் அவுட்புட்டை சுருக்குவதற்காக பைப் வழியாக ஜிஜிப்புக்கு அனுப்பினால், பாஷ் ஷெல் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். பேக்கப் பாதியில் செத்தாலும் ஜிஜிப் வெற்றி என்று சொல்லிவிடும். பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெய்ல் ஆப்ஷன் ஸ்கிரிப்ட்டில் கட்டாயம் வேண்டும். அதோடு லாக் ஃபைலின் கடைசி வரியில் 'கம்ப்ளீட்டட் ஓகே!' இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இல்லையென்றால் உடனே மொபைலுக்கு அலர்ட் வரும்.

இப்போது வாரம் ஒருமுறை ஐபிடி ஃபைல்களை எண்ணி, லிமிட் அதைப் போல இரண்டு மடங்காவது இருக்கிறதா என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்கிறது. பேக்கப்பை ரீஸ்டோருக்குத் தயார் செய்யும் ப்ரிப்பேர் கட்டமும் இதே ஃபைல்களைத் திறக்கும் என்பதால், ரீஸ்டோர் சோதிக்கும் மெஷினிலும் அதே லிமிட்டை வைத்திருக்கிறோம்.