கேடயமே முதல் ஆயுதம்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ஃபோம் சுற்றிய வாள், ஈட்டிகளோடு விளையாட்டாக மோதும் ஃபோம் ஆயுதச் சண்டைக்குப் புதிதாக வருபவர்கள் கேடயத்தை ஒரு நகரும் சுவராகத்தான் பார்க்கிறார்கள். அதன் பின்னால் பதுங்கி, வாள் வீசச் சமயம் பார்ப்பார்கள். பல வருடங்களாக நான் செய்வது நேர்மாறானது. முதலில் கேடயம் போகும், வாள் அதன் பின்னால் போகும். அந்த அனுபவத்தை, பயன்படுத்திய கேடயங்கள் எப்படித் தாங்கின என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் விதிகள். 1977-இல் அமெரிக்காவில் தொடங்கிய டாகோர்ஹிர் என்ற ஃபோம் சண்டை அமைப்பிலும், பின்னாளில் அதிலிருந்து பிரிந்த பெலகார்த்திலும் கேடயத்தால் எதிராளியை மோதலாம். ஆம்ட்கார்ட் என்ற இன்னொரு அமைப்பில் ஆள் மீது மோத இடமில்லை. ஆகவே களத்துக்குப் போகும் முன் அங்கே எது செல்லும் என்று நடுவரிடம் கேட்டுவிடுங்கள். மோதல் செல்லும் இடத்திலும் கேடயம் பட்டதற்காக யாரும் அவுட் ஆவதில்லை. அதற்கு வாள்தான் பட வேண்டும். என் ஆட்டம் முழுக்க இதை வைத்துத்தான். நான் கேடயத்தால் அடிப்பதில்லை. எதிராளியின் வாள் கையையோ பார்வையையோ அரை நொடி முடக்குகிறேன். அந்த அரை நொடி என் வாளுக்குப் போதும்.

எனக்கு அதிகம் பலன் தந்தது வாள் கையைப் பூட்டுவது. இருவரும் வலது கைக்காரர்கள் என்றால் என் கேடயம் இயல்பாகவே அவருடைய வாளுக்கு நேர் எதிரே நிற்கும். அவர் வீசுவதற்காகக் கையைப் பின்னால் இழுக்கும் நேரம் பார்த்து, இடது காலை முன்வைத்து, கேடயத்தின் முகப்பை அவருடைய முன்கைமேல் தட்டையாகப் பதித்து நெஞ்சோடு அழுத்துவேன். வாள் கையில் இருந்தும் அவரால் வீச முடியாது. அவருடைய கேடயத்துக்குக் கீழே தொடை திறந்திருக்கும், என் வாள் அங்கே போகும். கையை மட்டும் நீட்டித் தள்ளினால் தோள்பட்டை வலிதான் மிஞ்சும், எதிராளி அசைய மாட்டார். முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, பின்னங்காலிலிருந்து உந்துதல் வர வேண்டும். உயரமும் எடையும் குறைந்தவர்கள் இதில் பெரிய ஆட்களை நிறுத்துவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கொக்கி போடுவது. என் கேடயத்தின் வலது விளிம்பை அவருடைய கேடயத்தின் உள்விளிம்புக்குப் பின்னால் நுழைத்து, முழங்கையைப் பின்னுக்கு இழுப்பேன். நடுப்பிடி கேடயம் வைத்திருப்பவரிடம் இது அருமையாக வேலை செய்யும். பிடி நடுவில் இருப்பதால் கேடயம் கதவு போலத் திரும்பி நெஞ்சு தெரியும், உடனே குத்தலாம். வார் போட்டு முன்கையில் கட்டியவரிடம் அவ்வளவு சுலபமில்லை. உறைத் துணிக்கும் இதில் பங்குண்டு. சொரசொரப்பான கான்வாஸ் விளிம்பு பிடித்துக்கொள்ளும், நைலான் வழுக்கிக்கொண்டு போகும். கேடயத்தின் மேல் விளிம்பைச் சட்டென்று எதிராளியின் கண்மட்டத்துக்கு உயர்த்தி மறைப்பதும் நல்ல உத்திதான். ஆனால் அந்த நேரம் நமக்கும் எதுவும் தெரியாது. அதனால் நான் அதைக் குறைவாகவே செய்கிறேன்.

டாகோர்ஹிரிலும் பெலகார்த்திலும் இரு கை வாளின் பலமான இரண்டு அடி பட்டால் கேடயம் போய்விட்டதாகக் கணக்கு. இதனால் பலர் அந்த வாளைக் கண்டதும் பின்வாங்குகிறார்கள். என் அனுபவத்தில் அது தவறான கணக்கு. அந்த வாளுக்கு வீச இடம் வேண்டும். முதல் வீச்சு முடிந்து அது திரும்புவதற்குள் உள்ளே புகுந்து, அவருடைய இரண்டு கைகள்மேலும் கேடயத்தைச் சாத்திவிட்டால் நீளமே அவருக்குப் பாரமாகிவிடும். ஈட்டியிடமும் இதே கதைதான்: நுனியை ஒதுக்கிவிட்டு, நிற்காமல் உள்ளே போக வேண்டும். வரிசையாக நின்று மோதும் சண்டையில் மட்டும் இப்படித் தனியாகப் பாயக்கூடாது. நான் முன்னேறினால் என் இடப்பக்கத்து ஆளின் காவல் போய்விடும்.

இனி பொருளைப் பற்றி. ஆரம்பத்தில் வார் கேடயம் வைத்திருந்தேன். தோளைப் பின்னால் கொடுத்து மோத அதற்கு இணையில்லை. ஆனால் ஒவ்வொரு மோதலும் முழங்கையில் இறங்கும், வாரும் சீக்கிரம் தளரும். இப்போது வைத்திருப்பது 60 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கேடயம். உள்ளே மெல்லிய பிளைவுட், முகப்பிலும் விளிம்பிலும் ஃபோம், நடுப்பிடி, இரண்டு கிலோவுக்குள் எடை. வேகத்துக்கு இதுவே சரி. மணிக்கட்டு பழக மாதக்கணக்கில் ஆகும், அதற்குக் குறுக்குவழி இல்லை.

தடுப்பதற்கு மட்டும் பயன்படும் கேடயம் வருடக்கணக்கில் உழைக்கும். முன்னேறித் தாக்கும் கேடயத்தில் விளிம்பு ஃபோம்தான் முதலில் சாகும், அதுவும் கொக்கி போடும் வலப்பக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் விளிம்பைச் சுற்றிப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பலகையின் கடினம் விரலில் தட்டுப்பட்டால் அந்த ஃபோமை மாற்றாமல் களமிறங்கக் கூடாது. வெளியே துணி புதிதாகவே இருக்கும், உள்ளே ஃபோம் அப்பளமாகியிருக்கும்; பார்வைக்குத் தெரியாது. முகப்பிலும் போதுமான ஃபோம் இருக்கட்டும். நிறையப் பேர் விளிம்புக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட முகப்புக்குக் கொடுப்பதில்லை, அதை வைத்துத்தான் அடுத்தவர் உடம்பில் மோதுகிறோம்.

இந்தப் பாணிக்கு வருபவர்களிடம் நான் கெஞ்சியே கேட்பது இது: விளிம்பு எதிராளியின் கழுத்துக்கும் வாய்க்கும் நேராகப் போகவே கூடாது. மோதுவது எப்போதும் தட்டையான முகப்பால், முன்னாலிருந்து, அவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பல் காப்பு இரண்டு பேருக்கும் வேண்டும். பயிற்சியில் முதல் சில வாரங்கள் நடக்கும் வேகத்தில் மட்டும் அழுத்திப் பழகுங்கள். ஓடிவந்து மோதுவதைவிட, ஒரே எட்டில் சரியான இடத்தில் பதியும் அழுத்தம்தான் வாள் கையைப் பூட்டுகிறது. அந்த எட்டு சரியாக விழத் தொடங்கிய பிறகு வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.