லிஸனரை ஒவ்வொண்ணா கழட்டுறதா, ஒரே சிக்னல்ல மொத்தமா கழட்டுறதா?

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு நாங்க எழுதிக் குடுத்த ஸ்க்ரீன் ஒண்ணு ஓடுது, எந்த லாரிக்கு டோக்கன் வந்துச்சு, எது உள்ள போவணும், எது வெயிட் பண்ணணும்னு காட்டிட்டே இருக்கும். காலைல திறக்குற டேபை ராத்திரி ஷிஃப்ட் மாறினாலும் யாரும் மூட மாட்டாங்க, பிசியும் 4 ஜிபி ராம் தான். பொன்னேரி ஹைரோட்ல வண்டி வரிசை கட்டி நிக்கிற நேரத்துல அது திணறினா கேட்ல நிக்கிற தம்பிக்கு தான் டிரைவருங்ககிட்ட திட்டு விழும். அதனால மெமரி லீக்கை, அதாவது வேண்டாத பழசு மெமரில தேங்கிட்டே போறதை, அப்புறம் பாத்துக்கலாம்னு விட முடியல.

லிஸனர்னா கிளிக் மாதிரி ஏதாச்சும் நடந்தா ஓடணும்னு மாட்டி வெக்கிற ஃபங்ஷன். எல்லா லிஸனரும் லீக் ஆவாது. ஒரு பட்டன்ல கிளிக் லிஸனர் போட்டு, அந்த பட்டனை பேஜ்ல இருந்து எடுத்துட்டு, வேற எதுவும் அதை புடிச்சு வெச்சிருக்கலன்னா வேண்டாத மெமரியை சுத்தம் பண்ற கார்பேஜ் கலெக்டர் ரெண்டையும் சேர்த்தே அள்ளிடும். தொல்லை பண்றது விண்டோ, டாகுமென்ட், வெப்சாக்கெட் மாதிரி கடைசி வரைக்கும் உயிரோட நிக்கிறதுல மாட்டின லிஸனரும், நிறுத்தாம விட்ட செட்இன்டர்வலும் (திரும்பத் திரும்ப ஓடுற டைமர்) தான். அந்த ஃபங்ஷனோட குளோஷர், அதாவது அது கூடவே தூக்கிட்டு நிக்கிற வேரியபிள் எல்லாம், புடிச்சு வெச்சிருக்குற பழைய டேபிள், அதுல இருக்குற ரோ எல்லாம் ஸ்க்ரீன்ல இல்லாட்டியும் மெமரில உக்காந்திருக்கும்.

வழி மூணு இருந்துச்சு. ஷிஃப்டுக்கு ஒரு தடவை பேஜையே ரீலோட் பண்றது, நிறைய பேர் பண்றாங்க, ஆனா யாராச்சும் வண்டி நம்பர் டைப் பண்ணிட்டு இருக்கும்போது ரீலோட் ஆனா அவ்ளோதான், அதை விட்டுட்டோம். மிச்சம் ரெண்டு: ஒவ்வொண்ணுக்கும் ரிமூவ்ஈவென்ட்லிஸனர் எழுதுறது, இல்லன்னா 'நிறுத்து'ன்னு சிக்னல் குடுக்குற ஒரு அபார்ட்கன்ட்ரோலர் வெச்சு அதோட சிக்னலை எல்லா லிஸனருக்கும் குடுத்துட்டு கடைசில ஒரே ஒரு அபார்ட் கூப்பிடுறது. நாங்க போனது ரெண்டாவதுல.

எழுதுற அன்னிக்கு ரெண்டும் ஒண்ணு தான், லைன் கணக்குல பெரிய லாபம் எல்லாம் இல்ல. வித்தியாசம் தெரியறது சில மாசம் கழிச்சு வேற ஒருத்தர் வந்து அந்த ஃபைல்ல புதுசா ஒரு லிஸனர் சேர்க்கும்போது. ரிமூவ் வழில சேர்க்குற லைன் மேல ஒரு இடத்துல, கழட்டுற லைன் கீழ எங்கேயோ. ரிவ்யூ பண்றவருக்கு டிஃப்ல (மாத்தினதை மட்டும் காட்டுற லிஸ்ட்) சேர்த்த லைன் மட்டும் தான் தெரியும், எழுதாம விட்ட லைன் எப்படி கண்ணுல படும்? சரி எழுதிட்டாங்கன்னே வெச்சுக்கோங்க, அப்பவும் கழண்டிருக்குமான்னு சொல்ல முடியாது. பைண்ட் கூப்பிடுற ஒவ்வொரு தடவையும் புது ஃபங்ஷன் வரும், அங்கேயே எழுதுற ஆரோ ஃபங்ஷனும் அப்படித்தான், சேர்க்கும்போது குடுத்த அதே ஃபங்ஷனை குடுத்தா தான் கழலும். சேர்க்கும்போது கேப்ச்சர் ட்ரூன்னு ஆப்ஷன் போட்டு எடுக்கும்போது விட்டுட்டாலும் கழலாது. எரர் வராது, வார்னிங் கூட வராது, ஸ்க்ரீன் மட்டும் நாளாக நாளாக கனமாகிட்டே போவும்.

சிக்னல் வழில விட்டுப்போனது அதே லைன்லயே தெரிஞ்சுடும். பக்கத்து லைன்ல எல்லாம் சிக்னல் இருக்கு, புதுசா வந்த லைன்ல இல்ல, ரிவ்யூல பாத்த உடனே கேட்டுடலாம். புதுசா சேர்ந்த பசங்களும் மேல இருக்குறதை பாத்து அப்படியே எழுதிடுறாங்க. அதே சிக்னலை சர்வர்ல டேட்டா கேக்குற ஃபெட்ச்சுக்கும் குடுத்துட்டா பாதில நிக்கிற ரிக்வெஸ்ட்டும் சேர்ந்தே ரத்தாகும். எனக்கு இது ஒண்ணே போதும்.

ஆனா டைமருக்கு இது நேரா வேலை செய்யாது, பிரவுசர்ல செட்இன்டர்வல் சிக்னலை வாங்கிக்காது. சிக்னலோட அபார்ட் ஈவென்ட்ல கிளியர்இன்டர்வல் கூப்பிடுற மாதிரி ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதி வெச்சுக்கிட்டு, டைமர் எல்லாம் அது வழியா தான் போவணும்னு கறாரா இருக்கணும். நாங்க சர்வரை கேட்டுட்டே இருக்குறதுக்கு இன்டர்வலை விட்டுட்டு, பதில் வந்தப்புறம் அடுத்த செட்டைம்அவுட் (ஒரு தடவை மட்டும் ஓடுற டைமர்) போடுற முறைக்கு மாறிட்டோம், நெட் ஸ்லோவா இருந்தா ரிக்வெஸ்ட் ஒண்ணு மேல ஒண்ணு குவியாது. அதுல அடுத்த டைமர் போடுறதுக்கு முன்னாடி சிக்னல் அபார்ட் ஆயிடுச்சான்னு பாத்துடுங்க, இல்லன்னா மூடின ஸ்க்ரீனுக்கு டைமர் திரும்ப முளைக்கும்.

இன்னொண்ணு, அபார்ட் பண்ண கன்ட்ரோலரை திரும்ப உபயோகிக்க முடியாது. அதோட சிக்னல் குடுத்து லிஸனர் போட்டா அது சேரவே சேராது, சத்தமும் வராது. ரியாக்ட் லைப்ரரில எழுதுறீங்கன்னா, ஸ்க்ரீனை மாட்டினதும் ஓடுற யூஸ்எஃபெக்ட் உள்ளயே கன்ட்ரோலரை உருவாக்கணும். ரியாக்ட் 18 ஸ்ட்ரிக்ட் மோடு டெவலப்மென்ட்ல ஒரு தடவை கழட்டி திரும்ப மாட்டுறதால வெளிய உருவாக்கி இருந்தா அங்கேயே மாட்டிக்குவீங்க.

பழைய பிரவுசர் தான் இந்த வழியோட நெஜமான பலவீனம். லிஸனருக்கு சிக்னல் குடுக்குறது குரோம் 88, ஃபயர்ஃபாக்ஸ் 86, சஃபாரி 15ல இருந்து தான், எல்லாமே 2021ல வந்தது. அதுக்கு முந்தினது சிக்னலை கண்டுக்காம லிஸனரை மட்டும் மாட்டிக்கும், அப்புறம் அபார்ட் பண்ணாலும் கழலாது. வெப்வியூ (ஆப் உள்ள வெப் பேஜை காட்டுறது) அப்டேட் ஆகாத பழைய ஆண்ட்ராய்டு பாக்ஸை டிவில சொருகி ஓட்டுறீங்கன்னா முதல்ல வெர்ஷனை பாருங்க, பழசுன்னா ரிமூவ் வழி தான் உங்களுக்கு.

எதை எடுத்தாலும் குரோம் டெவ்டூல்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரை திறந்து, ரெண்டு ஸ்க்ரீனுக்கு நடுவுல போயிட்டு போயிட்டு வாங்க, நடுவுல கார்பேஜ் கலெக்‌ஷனையும் அழுத்துங்க. லிஸனர் எண்ணிக்கையும் டாம் நோடும் (பேஜோட எலிமென்ட் எல்லாம்) பழைய அளவுக்கு இறங்கணும். இறங்காம படி படியா ஏறினா ஹீப் ஸ்னாப்ஷாட் (மெமரில என்ன இருக்குன்னு ஒரு படம்) எடுத்து டிடாச்டுன்னு, அதாவது பேஜ்ல இல்லாம மெமரில மட்டும் நிக்கிறதுக்கு, ஃபில்டர் போடுங்க, எது புடிச்சு வெச்சிருக்குன்னு கீழ காட்டும்.

ஒரே ஒரு தடவை ஓடுற லிஸனருக்கு ஒன்ஸ் ட்ரூன்னு ஆப்ஷன் குடுத்தா போதும், இதுக்கெல்லாம் கன்ட்ரோலர் வேணாம். ஆங்குலர் ஃப்ரேம்வொர்க்ல 16ல இருந்து இதே மாதிரி கழட்டுற வேலைக்கு டேக்அன்டில்டிஸ்ட்ராய்ட் இருக்கு, பெரிய ப்ராஜெக்ட்ல நான் அதை ரொம்ப நாள் ஓட்டிப் பாத்ததில்ல, ஏற்கனவே அதுல இருக்குறவங்க நான் சொன்னேன்னு மாத்த வேணாம்.