ஆண்டு குறிக்கப்படாத ஒரு மேய்ச்சல் நிலக் காட்சி

பழைய ஓவியங்களை விற்கும் ஒரு வணிகரிடம் வாங்கிய, கையொப்பமோ ஆண்டோ இல்லாத இந்த எண்ணெய் வண்ண ஓவியத்தைச் சில மாதங்கள் சுவரில் மாட்டிப் பார்த்த பிறகே இம்மதிப்புரையை எழுதுகிறேன். அந்தி வெளிச்சத்தில் ஓர் ஓடை, அதில் கால் நனைத்து நிற்கும் செம்பழுப்புப் பசு, கரையில் படுத்திருக்கும் வெள்ளைப் பசு, மூன்று செம்மறி ஆடுகள், பின்னால் மரங்கள், தொலைவில் நீலக் குன்று: காட்சி இவ்வளவுதான். ‘ரொமான்டிக் பாணி (இயற்கையையும் உணர்ச்சியையும் முதன்மைப்படுத்தும் பாணி), 19ஆம் நூற்றாண்டு’ என்பதற்கு மேல் விற்பனைக் குறிப்பில் எதுவும் இல்லை.

ஓவியத்தின் உயிர் அந்தச் செம்பழுப்புப் பசுவில் இருக்கிறது. இடது பின்னங்காலில் எடையைத் தாங்கி, வலது இடுப்பைச் சற்றே தளர்த்தி அது நிற்கும் விதமும், தோலுக்கு அடியில் இடுப்பெலும்பு மேடிட்டிருப்பதும், கழுத்தின் அடியில் தொங்கும் அலைதாடியின் மடிப்புகளும், மாடுகளோடு நெடுநேரம் கழித்த ஒருவரின் கண்ணைக் காட்டுகின்றன. முதுகின் ஒளியைத் தடித்த வண்ணத்தில் ஏற்றி, வயிற்றின் நிழலை அடிப்பூச்சு தெரியுமளவு மெல்லியதாக விட்டிருக்கிறார். டச்சு ஓவியர் பவுலஸ் பாட்டர் 1647இல் வரைந்து இன்று ஹேக் நகரில் இருக்கும் ‘இளங்காளை’ ஓவியம் புகழ்பெறச் செய்த மரபு இது; 1840களில் நெதர்லாந்து சென்றுவந்த பிறகு பிரெஞ்சு ஓவியர் கான்ஸ்தான் த்ருவாயோன் கால்நடைகளின் பக்கம் திரும்பியதும், உடற்கூற்றை அறியப் பிரெஞ்சு ஓவியர் ரோசா பொனேர் பாரிஸின் இறைச்சிக் கூடங்களுக்கே சென்று வரைந்ததும் இதே அக்கறையால்தான்.

நிலக்காட்சிக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. பசுவின் மீது ஒளி இடப்பக்கமிருந்து விழ, மரங்களோ வலப்பக்கத்தில் வெளிச்சம் பெறுகின்றன. நீரில் நிற்கும் கால்களைச் சுற்றி ஓர் அலைகூட இல்லை. இலைகளின் பழுப்பு வார்னிஷ் மங்கியதால் வந்ததாக இருக்கலாம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் சட்டத்துக்குள் மறைந்து அழுக்குப் படாத விளிம்பிலும் அதே பழுப்புதான். இலைகளைப் பழுப்பாகத் தீட்டும் அந்த வழக்கத்தை ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் ‘வைக்கோல் வண்டி’ ஓவியத்தில் 1821இலேயே கைவிட்டுவிட்டார். விலங்குகளையும் நிலத்தையும் இரு வேறு கைகள் வரைந்திருக்கலாம் என்பது என் ஊகம். பெல்ஜிய ஓவியர் வெர்புக்ஹோவன் பிறரின் நிலக்காட்சிகளில் விலங்குகளை வரைந்து கொடுத்தவர் என்பதால், அக்காலத்தில் இது புதுமையன்று.

‘நல்ல நிலை’ என்ற விற்பனையாளரின் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. புற ஊதா விளக்கில் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிர, வானத்தில் உள்ளங்கை அகலத்துக்கு பின்னாளில் யாரோ செய்த ஒரு மறுபூச்சு கருந்திட்டாகத் தெரிந்தது; வாங்கும் முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். காலத்தை நெருங்க விரும்புவோர் நிறமிகளைச் சோதிக்கலாம்: புல்லின் பச்சை 1859இல் காப்புரிமை பெற்ற விரிடியன் என்ற நிறமியாக இருந்தால் ஓவியம் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஓவியத்தின் மூலப்பூச்சிலேயே டைட்டானியம் வெள்ளை இருந்தால் இது 20ஆம் நூற்றாண்டுப் படைப்பு.

குறைகளைத் தெரிந்துகொண்டே இதை வைத்துக்கொள்ளத் தீர்மானித்துவிட்டேன். சன்னலின் ஒளி இடப்பக்கமிருந்து விழும் சுவருக்கு மாற்றியதும் பசுவின் முதுகில் தீட்டிய வெளிச்சமும் அறையின் வெளிச்சமும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ள, மரங்கள் தாமாகவே பின்வாங்கிவிட்டன.