12,000 லூமன்ஸ் புரொஜெக்டர் என்று ஒரு விளம்பரம் வந்தால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்கிற ஊரில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் புதுப் போன் வாங்கும் முன்னால் என் கடைக்கு வந்து, "தம்பி, இது நல்லா இருக்குமா, பேட்டரி நிக்குமா" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்படிப்பட்ட ஆள் ஒரு புரொஜெக்டர் விளம்பர வீடியோவை நம்பி 8,499 ரூபாயைத் தொலைத்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வெளியே சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் பக்கத்து ஊரான உச்சிப்புளிக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, அதே வீடியோவைத் தன் போனில் ஓடவிட்டு, "வாங்கலாமா தம்பி" என்றார்.

எனக்குக் கொஞ்சம் சினிமாப் பைத்தியம். இங்கிருந்து தியேட்டர் என்றால் ராமநாதபுரம் போக வேண்டும், நாற்பது கிலோமீட்டர் பக்கம் வரும், இரவுக் காட்சி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் தனிக்கணக்கு. 2024 செப்டம்பரில் 'மெய்யழகன்' வந்தபோது அப்படிப் போய்த்தான் பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம், நீளம் என்று ஆளாளுக்குச் சொல்ல, வெளியான சில நாளிலேயே 18 நிமிடம் வெட்டிவிட்டார்கள். அந்த வெட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்க இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதுதான் படம், அதில் என்ன அவசரம்? பார்த்துவிட்டு வந்த அன்றே இதைச் சித்தப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். விசைப்படகில் போகிறவர் அவர், ஊரை விட்டு வந்தவர்களைப் பற்றிய கதை என்றால் கண் கலங்கிவிடும் ஆள்.

ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள். கையில் காசு இருக்காது, ஆனால் வீடு நிறைய ஆள் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வீடியோ என் போனில் வந்து நின்றது. பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்க, சுவர் முழுக்கப் படம் பளிச்சென்று ஓடுகிறது. '4கே, 12,000 லூமன்ஸ், ஆண்ட்ராய்டு, இரண்டு வருட வாரண்டி, பொருள் கைக்கு வந்த பிறகு பணம்.' லூமன் என்றால் வெளிச்சத்தின் அளவு. ஆனால் விளம்பரத்தின் கடைசி வரிதான் என்னைக் கவிழ்த்தது. கைக்கு வந்த பிறகுதானே பணம், என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். கூரியர் தம்பி வந்தபோது "பிரிச்சுப் பாத்துட்டுத் தர்றேம்பா" என்றேன். "அண்ணே, காசு கொடுத்தாத்தான் பெட்டியைக் கையில கொடுக்கலாம்" என்றான். அவன்மேல் தப்பில்லை, அவனுக்குச் சொல்லியிருப்பது அவ்வளவுதான். ஆக, 'கைக்கு வந்த பிறகு பணம்' என்பதில் கைக்கு வருவது பூட்டிய பெட்டி.

ராத்திரி விளக்கை அணைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, சுண்ணாம்பு அடித்த சுவரில் 'மெய்யழகன்' போட்டேன். அரவிந்த் சாமி வருகிற பகல் காட்சிகளில் ஏதோ தெரிந்தது. ராத்திரிக் காட்சி வந்ததும் சுவரில் சாம்பல்தான். கறுப்பு கறுப்பாகவே இல்லை, ஈரச் சிமெண்டு மாதிரி ஒரு நிறம், அதற்குள்ளிருந்து கார்த்தியின் குரல் மட்டும் வருகிறது. படத்தில் பாதிக்கு மேல் ராத்திரி! சித்தப்பா பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். "கரண்டு கம்மியா வருதாப்பா?" என்றார்.

மறுநாள்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய வேலை. புரொஜெக்டர் வெளிச்சத்தை அளக்க ஒரு முறை இருக்கிறது. சுவரில் விழும் வெள்ளை வெளிச்சத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அளந்து, சராசரி எடுத்து, படத்தின் பரப்பால் பெருக்க வேண்டும். அப்படி வருகிற எண்தான் 'ஆன்சி லூமன்'. வெறும் 'லூமன்ஸ்' என்று போட்டால் அதற்குக் கேள்வி கேட்பார் கிடையாது, 12,000 என்றும் போடலாம், 20,000 என்றும் போடலாம். என் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், 'ஆன்சி' என்ற சொல் ஒரு மூலையில்கூட இல்லை. இந்த விலைக்கு நேர்மையாக எழுதுகிறவர்கள் 200, 300 ஆன்சி லூமன் என்றுதான் எழுதுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு பகலில் ஜன்னலைத் திறந்து படம் பார்க்க முடியாது. அப்படியானால் அந்த விளம்பரத்தில் சுவரில் ஓடிய படம் எடிட்டிங்கில் ஒட்டியதாகத்தான் இருக்க வேண்டும்.

4கே கதை இன்னும் மோசம். பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் '4கே சப்போர்ட்' என்று இருந்தது. சப்போர்ட் என்றால் 4கே வீடியோவைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சுவரில் காட்டுவது 1280க்கு 720. நேட்டிவ் ரெசல்யூஷன் என்று கேட்க வேண்டிய எண் இதுதான். 4கே என்றால் 3840க்கு 2160, புள்ளிக் கணக்கில் இதைப் போல ஒன்பது மடங்கு. ஒன்பதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுசுக்கும் பேர் வைத்திருக்கிறான்.

அப்புறம் ஓடிடி. உள்ளே போட்டிருந்த செயலிகள் டிவிக்கானவை இல்லை, போனுக்கான செயலியைத் திணித்து வைத்திருந்தார்கள், ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்திக் கை ஓய்ந்துவிடும். காசு கட்டிப் பார்க்கிற படம் முழுத் தரத்தில் வர வேண்டுமென்றால் அந்தக் கருவிக்குத் திருட்டுத் தடுப்புச் சான்று இருக்க வேண்டும், 'வைட்வைன் எல்1' என்பார்கள். இதில் இருந்தது எல்3, அதில் கடைசிப் படி. அதனால் வந்ததே 480 தரம்தான். சரி, போனிலிருந்து திரையைப் பகிரலாம் என்று பார்த்தால் சத்தம் மட்டும் கேட்டது, படம் கறுப்பு. அதுவும் அதே தடுப்புதான்.

'கொட்டுக்காளி' போட்ட கதையைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், தொண்டை கட்டிய சூரியின் குரல், அன்னா பென்னின் மௌனம், இதையெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் 2024இல் வந்த தமிழ்ப் படங்களில் சத்தத்துக்காகவே பார்க்க வேண்டிய படம் அதுதான். இந்தப் பெட்டியின் ஃபேன் போட்ட இரைச்சலில் அந்த மௌனம் மொத்தமும் போயிற்று. கச்சான் காற்று அடிக்கிற நாளில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து பார்த்த மாதிரி இருந்தது.

விற்றவனுக்கு முகவரி இல்லை, வாட்ஸ்அப் எண் மட்டும்தான். 'இருட்டு அறையில் பாருங்கள் சார்' என்றார்கள். இருட்டில்தான் பார்த்தேன் என்றதும், பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார்கள். எடுக்கவில்லை. 'பொருள் ஆன் ஆகிறது, அதனால் டேமேஜ் கணக்கில் வராது' என்று ஒரு பதில். அதோடு சரி.

கோபத்தில் நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். அவர்கள் விளம்பரத்துக்குக் கீழே என் பெயர், போன் நம்பர், ஆர்டர் நம்பர், விலை எல்லாவற்றையும் போட்டுத் திட்டி எழுதினேன். மறுநாளே போன். நல்ல தமிழ், பணிவான குரல், 'ரீஃபண்ட் பிரிவிலிருந்து பேசுகிறோம்.' ஆர்டர் நம்பரை அவனே சொன்னான், நான் எழுதியதைத்தான் எனக்கே வாசித்திருக்கிறான் என்பது அப்போது உறைக்கவில்லை. ஒரு கியூஆர் அனுப்பினான், ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் 8,499 கணக்கில் ஏறும் என்றான். மூன்று எண் அழுத்திவிட்டேன். பக்கத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த சித்தப்பா மகள் எட்டிப் பார்த்து, "அண்ணே, நம்ம கடையில காசு வாங்க நீ என்னைக்காச்சும் பின் போட்டிருக்கியா?" என்றாள்.

போடுவதில்லைதான். தினமும் எத்தனையோ பேர் என் கல்லாவில் ஒட்டியிருக்கிற கியூஆரில் ஸ்கேன் செய்கிறார்கள், பின் போடுவது அவர்கள்தான், நான் இல்லை. போனை வைத்துவிட்டேன். நீங்கள் யாராவது நாலாவது எண்ணையும் அழுத்திவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் பணம் வேறு வேறு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

பெட்டி விஷயத்துக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். புகார் எண் கொடுத்தார்கள், விற்றவனுக்கும் அனுப்பினார்கள். அவனிடமிருந்து வந்த பதில், அடுத்த பொருளுக்கு 1,500 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்பது. அடுத்த பொருளாம்! இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடப் பேப்பர் சேர்த்து வைத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2019 சட்டப்படி நாம் இருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவன் டெல்லியில் இருந்தாலும் ராமநாதபுரத்தில் போடலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் கட்டாயம் வேண்டும், என்னிடம் இருக்கிறது, சித்தப்பாவுக்குக் காட்ட எடுத்து வைத்தது.

சித்தப்பா 'மெய்யழகன்' படத்தை என் போனில்தான் பார்த்து முடித்தார், இரண்டு ராத்திரியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. "இதுல முகம் தெரியுதுப்பா" என்றார்.

உச்சிப்புளிக்காரரிடம் இவ்வளவையும் சொன்னேன். கடைக்கு நேரில் போய், கடையின் டியூப்லைட் எரியும்போதே போட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஒரு ராத்திரிக் காட்சி போடச் சொல்லுங்கள், ஆன்சி எவ்வளவு, நேட்டிவ் எவ்வளவு என்று பில்லில் எழுதி வாங்குங்கள் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். பிறகு போனை மறுபடி என் பக்கம் திருப்பி, "ஆனா இப்ப 7,999 தான் போட்டிருக்கான் தம்பி, உனக்குக் கொடுத்ததை விட ஐநூறு கம்மி" என்றார்.