ஃபோல்ட்ஸ்கோப்: பெரியவர்களின் மேசைக்கு ஒரு காகித நுண்ணோக்கி

ஃபோல்ட்ஸ்கோப் பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பரிசாகத்தான் போய்ச் சேருகிறது. இந்த மதிப்புரை, அதைத் தனக்கென்றே வாங்கிக்கொள்ள நினைக்கும் பெரியவர்களுக்கு. எறும்பு போகும் வழியெல்லாம் குனிந்தபடியே பின்னால் போன வயது எல்லோருக்கும் இருந்தது. அப்புறம் குனிய நேரமில்லாமல் போயிற்று. எல்லாம் பார்த்தாயிற்று என்ற நினைப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த நினைப்பைப் பத்து நிமிடத்தில் உடைக்கக்கூடிய பொருள் இது. பார்க்கும் பொருளை ஏற்றிவைக்கும் தகடான ஸ்லைடைத் தயாரிப்பதில் கை பழக வேண்டும், அவ்வளவுதான். பழகாவிட்டால் மங்கலான வெளிச்ச வட்டம் ஒன்றைக் காட்டிவிட்டு மேசை இழுப்பறைக்குள் போய் முடங்கிவிடும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கியது. இதன் வடிவமைப்பு 2014-ல் ப்ளாஸ் ஒன் ஆய்விதழில் வெளிவந்தது. தண்ணீருக்கு ஊறிப்போகாத தாளில் பாகங்கள் வெட்டுக்கோட்டோடு வரும். பிய்த்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும். முதல் முறைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மடிப்புக் கோடுகளை நகத்தால் அழுத்தித் தேய்ப்பது முக்கியம். மடிப்பு உப்பி நின்றால், கையை எடுத்ததும் ஃபோகஸ் நழுவிவிடும்.

இதன் உயிர் லென்ஸில் இருக்கிறது. இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு கண்ணாடி உருண்டை. 140 மடங்கு பெரிதாக்கும், 2 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு வரை நுணுக்கங்களைப் பிரித்துக் காட்டும். உருண்டை லென்ஸின் குவியத்தூரம் மிகக் குறைவு என்பதால், பார்க்கும் பொருள் லென்ஸின் பரப்பிலிருந்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தூரத்தில் இருந்தாக வேண்டும். இந்த அரை மில்லிமீட்டரை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. முழு எறும்பையோ இலைத் துண்டையோ அப்படியே வைத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் இடறுவது இங்கேதான். பொருள் தடிமனாக இருந்தால் அது லென்ஸில் முட்டும். முட்டாவிட்டாலும் ஒளி ஊடுருவாது, கறுப்பாகத்தான் தெரியும்.

பார்க்கும் முறையையும் பழக வேண்டும். இமை முடி தாளில் உரசும் அளவுக்குக் கண்ணருகே கொண்டுபோங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடலாம்; கிட்டப்பார்வை, தூரப்பார்வையை ஃபோகஸே சரிசெய்துவிடும். மற்றொரு கண்ணையும் திறந்தே வையுங்கள், இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் முகம் வலிக்கும். மேசை விளக்கையோ வெளிச்சமான வெள்ளைச் சுவரையோ நோக்கிப் பிடியுங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்கக் கூடாது. இரு கட்டைவிரல்களால் மெல்ல நகர்த்தினால் பார்வை வட்டமும் நகரும். ஆய்வகத்து நுண்ணோக்கி படத்தைத் தலைகீழாக்கும், இந்த ஒற்றை லென்ஸ் ஆக்காது என்பதால் இடம் தேடுவது எளிது. உருண்டை லென்ஸ் நடுவில்தான் கூர்மையாகக் காட்டும், ஓரம் எப்போதும் மங்கல்தான். அதைக் குறையென்று எண்ணிச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம். பொருளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

முதல் ஸ்லைடாக இலைத்துளைகளைப் பரிந்துரைக்கிறோம், கெட்டுப்போக வழியே இல்லாத ஸ்லைடு அது. வழவழப்பான இலையொன்றின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாகப் பூசிப் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடுங்கள். அதன்மேல் ஒளிபுகும் டேப்பை ஒட்டி உரித்தால் இலைப்பரப்பின் அச்சு டேப்போடு வந்துவிடும். டேப்பை ஸ்லைடில் ஒட்டிப் பாருங்கள். ஓவியப் புதிர்த் துண்டுகள் போல ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும் செல்களும், அவற்றுக்கு நடுவே இரண்டு உதடு வைத்த வாய் போலத் துளைகளும் தெரியும். தினமும் கடந்துபோகும் செடி மூச்சுவிடும் வாய்கள் அவை.

அடுத்தது பாசி. சுவரிலோ மரத்திலோ காய்ந்து கிடக்கும் பாசியில் விரல்நுனி அளவு எடுத்து, ஒரு ராத்திரி கொஞ்சம் மழைநீரில் ஊறவையுங்கள். காலையில் பிழிந்து, தண்ணீர் தெளிந்ததும் அடியிலிருந்து ஒரு சொட்டு எடுங்கள். நீர்க்கரடி என்ற எட்டுக்கால் நுண்ணிய உயிர் கிடைப்பது அதிர்ஷ்டம். ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்வாழ் உயிர் கிடைக்க வாய்ப்பு மிக அதிகம். முதலில் அது கண்ணாடிப் புழு ஒன்றாக, அட்டை போல நீண்டும் சுருங்கியும் ஊர்வதுதான் தெரியும். பொறுத்திருந்தால் வால்நுனியை ஒரு தூசியில் ஊன்றிக்கொண்டு நிற்கும்; தலை இரண்டாகப் பிரிந்து விரியும்; விரிந்த இடத்தில் இரண்டு சக்கரங்கள் சுற்றத் தொடங்கும். உண்மையில் எதுவும் சுற்றவில்லை. வரிசையாக நிற்கும் நுண்மயிர்கள் அலை அலையாக அடிப்பதால் சுற்றுவதுபோலத் தோன்றுகிறது. அந்தச் சுழலில் சிக்கிய துகள்கள் உள்ளே இழுபடுகின்றன. கண்ணாடி உடம்புக்கு நடுவே தாடை விடாமல் மென்றுகொண்டிருப்பதும் தெரியும். நேற்று வரை காய்ந்த பாசியில் சருகாகக் கிடந்த உயிர், ஒரு ராத்திரி ஈரத்தில் எழுந்து பசியாறுகிறது. இதைப் பார்த்தபின் காய்ந்த சுவர் பழைய சுவராக இருக்காது.

சொட்டு வைக்கும்போது இரண்டு தவறுகள் நடக்கும். சொட்டை மூடும் மெல்லிய தகடான கவர் ஸ்லிப்பைத் தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழ் மாட்டும். தடித்த கறுப்பு விளிம்போடு அச்சடித்த வட்டமாகத் தெரிவது செல் அல்ல, குமிழ். கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் ஊன்றி, சாய்வாக இறக்குங்கள். இரண்டாவது, சொட்டு பெரிதாகி வழிந்தால் லென்ஸ் நனையும். அதன்பின் எதைப் பார்த்தாலும் பனிமூட்டம்தான். மிஞ்சியதை டிஷ்யூ காகிதத்தின் முனையால் உறிஞ்சிவிடுங்கள். லென்ஸ் நனைந்துவிட்டால் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைச் சற்றே ஈரமாக்கி ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

சொட்டு சீக்கிரம் காய்ந்துவிடும். கவர் ஸ்லிப்பின் நாலு ஓரத்திலும் வாசலின் தடவி அடைத்தால் சில மணி நேரம் தாங்கும். பாரமீசியம் போன்ற ஒற்றைச் செல் நீருயிர்கள் பார்வை வட்டத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும், ஏனென்றால் 140 மடங்கு பெரிதாவது உருவம் மட்டுமல்ல, வேகமும்தான். நாலைந்து பஞ்சு இழைகளைச் சொட்டில் போட்டுவிட்டால் இழைகளுக்கிடையே மாட்டிக்கொண்டு நிதானப்படும். கண்ணாடி போன்ற உயிர்கள் கண்ணுக்கே படவில்லையென்றால் வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். விளக்கின் நடுவை விட்டு ஓரத்தை நோக்கித் திருப்புங்கள். சாய்ந்த ஒளியில் விளிம்புகள் எழுந்து நிற்கும். நூல்நூலாக ஏதோ மிதக்கிறதா? ஸ்லைடை மெல்ல அசைத்துப் பாருங்கள். கூடவே நகராவிட்டால் அது உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் இழையின் நிழல்.

பாக்டீரியாவை எதிர்பார்த்து வாங்காதீர்கள். பெரும்பாலானவை 1, 2 மைக்ரான் அளவுதான், இந்த லென்ஸின் எல்லையிலேயே நின்றுவிடும். காந்தத்தால் கைபேசியோடு இணைக்கும் வசதி நன்றாகவே இருக்கிறது. கேமராவின் நடுவும் லென்ஸின் நடுவும் நேராக வராவிட்டால் படத்தின் ஒரு பக்கம் இருண்டுவிடும். ஆனாலும் முதல் சில நாள் கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்ப்பதே மேல். படம் பிடிக்கும் அவசரம் வந்துவிட்டால் ரோட்டிஃபர் விரிவதற்குக் காத்திருக்கும் பொறுமை போய்விடுகிறது.

சட்டைப்பையில் ஒன்றே ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் 10 மடங்கு கைலென்ஸையே சொல்வோம். துணியின் நெசவு, கைபேசித் திரையின் சிவப்பு பச்சை நீலக் கட்டங்கள், பூவின் நடுப்பகுதி என்று ஒளி ஊடுருவாத எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பொருளை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து பார்க்கப் பத்து நிமிடம் இருக்கும் இடத்துக்கு ஃபோல்ட்ஸ்கோப். மேசை நுண்ணோக்கி இரண்டையும்விடத் தெளிவாகக் காட்டும். ஆனால் உறையைக் கழற்றி எடுத்துவைக்கும் வேலையே பல நாள் நம்மைத் தடுத்துவிடும். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆண்டன் வான் லீவன்ஹாக் 1674-ல் ஏரித்தண்ணீரில் நுண்ணுயிர்களைக் கண்டதும் கைக்குள் அடங்கும் ஒற்றை லென்ஸ் கருவியால்தான். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

கருவியோடு ஐந்து ஸ்லைடு, கவர் ஸ்லிப், டேப், சொட்டுக்குழாய் எல்லாம் ஒரே டப்பாவில், உட்காரும் இடத்துக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் அகன்ற வாய்க் கண்ணாடிக் குடுவை ஒன்றில் குளத்துநீர் ஊற்றி ஒரு பிடி காய்ந்த புல்லைப் போட்டு, நேர்வெயில் படாமல் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். இரண்டொரு நாளில் தண்ணீர் கலங்கி மேலே மெல்லிய ஏடு படியும்; அது பாக்டீரியாக் கூட்டம். அதைத் தின்னச் சிறிய உயிர்கள் பெருகும், அவற்றுக்குப் பின்னால் பெரியவை வரும். தினமும் ஏட்டுக்குச் சற்றுக் கீழிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். நேற்று நிறைந்திருந்தவர்கள் இன்று காணாமல் போயிருப்பார்கள். தண்ணீர் வற்றினால் மழைநீர் ஊற்றுங்கள். குழாய்நீர்தான் கிடைக்கிறது என்றால், குளோரின் போக ஒரு நாள் திறந்துவைத்த பிறகு ஊற்றலாம்.