பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1: எதை வாங்கலாம்?

இரண்டும் 1976-இல் வந்த 35 மி.மீ. ஃபிலிம் எஸ்எல்ஆர்கள் (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் கேமராக்கள்). கற்பவருக்கு கே1000-ஐத்தான் சொல்வோம். அதன் ஷட்டர் (ஃபிலிமில் ஒளி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் திரை) முழுக்க இயந்திரம்; 1 நொடி முதல் 1/1000 வரை பேட்டரி இல்லாமலே ஓடும். ஒரு எல்ஆர்44 செல், அதுவும் ஒளியை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும். மீட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது; லென்ஸ் மூடியைப் போடாமல் வைத்தால் செல் தீர்ந்துவிடும். வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் இடம்) தெரியும் மீட்டர் முள் நடுவில் நிற்கும்வரை அப்பர்ச்சரையோ (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) ஷட்டர் வேகத்தையோ திருப்பினால் போதும்.

ஏஇ-1-க்குள் நுண்செயலி. லென்ஸை ‘ஏ’-யில் வைத்து வேகத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் அப்பர்ச்சரை கேமராவே அமைக்கும். ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுக்க இது உண்மையிலேயே கைகொடுக்கும். ஆனால் 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் விழாது. அப்பர்ச்சரை நாமே வைப்பதோ இன்னும் சிரமம்: வ்யூஃபைண்டர் முள் காட்டும் எண்ணைப் படித்து லென்ஸ் வளையத்தில் திருப்ப வேண்டும், வைத்தது சரியா என்று முள் சொல்லாது.

பழைய ஏஇ-1 வாங்கும்போது காதருகே வைத்து ஷட்டரை அழுத்திப் பாருங்கள். கீச்சென்ற சத்தம் வந்தால், கண்ணாடியின் வேகத்தைத் தணிக்கும் பல்சக்கரங்களில் எண்ணெய் காய்ந்துவிட்டது. சர்வீஸ் செலவைக் கழித்து விலை பேசுங்கள். எந்த கேமராவானாலும் பின்கதவு ஓரத்துப் பஞ்சு பிசுபிசுத்தால் மாற்றிவிடுங்கள், ஃபிலிமில் ஒளி கசியும்.