சேலம் வெயிலுக்கு வீட்டில் தைத்த மல்மல்: ஏழு வருட அனுபவம்

மகளுக்கு ஒரு கோடையில் கழுத்து, அக்குள் முழுக்க வேர்க்குரு. கடையில் வாங்கிய கவுனைத் திருப்பிப் பார்த்தேன். வெளியே காட்டன், உள்ளே மொரமொரவென்று லைனிங், தையல் ஓரமெல்லாம் பிசிறு பிரியாமல் அடித்த, குத்துகிற ஓவர்லாக் நூல். அன்றைக்கே அம்மாவின் கால் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். இது ஏழாவது வருடம். அம்மாபேட்டை வெயிலில் எங்கள் வீட்டுப் பெண்கள் போடும் நைட்டி, கவுன், மேல்சட்டை எல்லாம் நான் தைத்ததுதான்.

நைட்டிக்கு மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணி, வெளியே போட்டுப்போகும் மேல்சட்டைக்கு வாயில் (voile) துணி. வாயிலில் நூல் முறுக்கு அதிகம், அதனால் நிற்கும். மல்மல் தொளதொளவென்று விழும், காற்று புகும். வாங்கும்போது ஓரத்தில் நாலு இழை உருவிக் கொளுத்திப் பார்ப்பேன். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியாக உருண்டுகொள்ளும். 'சுத்த காட்டன்' என்று சொல்லி ஒரு கடையில் தந்த துணி இப்படித்தான் உருண்டது. அதிலிருந்து யார் சொன்னாலும் கொளுத்தாமல் வெட்டுவதில்லை.

முதல் நைட்டியை நனைக்காமல் வெட்டினேன். இரண்டே சலவையில் கணுக்காலுக்கு மேல் நாலு விரல் ஏறிவிட்டது. இப்போது 3 மீட்டர் எடுத்தால் ஒரு ராத்திரி ஊறவைத்து, நிழலில் காயப்போட்ட பிறகுதான் அளவே எடுப்பேன்.

பெரிய தொல்லை வெட்டுவதில்தான். கத்தரி பட்டதுமே மல்மல் வழுக்கி ஓடும், துணியின் நீளவாக்கு இழையான நேர்நூல் கோணும். இதற்கு வழி சொன்னது பக்கத்துத் தறிக்கார வீட்டு ஆயா. "பாவுக்கே கஞ்சி போட்டாத்தான் நூல் நிக்குது, துணிக்கு மட்டும் வேண்டாமா கண்ணு?" என்றார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, துணியை முக்கிப் பிழிந்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டேன். காகிதம் மாதிரி படிந்து கிடந்தது. தைத்து முடித்து ஒரு தடவை அலசினால் கஞ்சி போய்விடும், துணி பழைய மாதிரி மெத்தென்றாகிவிடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் இரண்டு வருடம் துணியை வீணாக்கியிருக்கிறேன்.

ஊசி 9 அல்லது 11 நம்பர். வழக்கமான 14 போட்டால் ஓட்டை தெரியும். தையல் ஆரம்பத்தில் துணியை ஊசி தட்டுக்குள் இழுத்து விழுங்கும். அடியில் ஒரு வெள்ளைத்தாள் துண்டு வைத்து அடித்துவிட்டுக் கிழித்து எடுக்கிறேன். மோட்டார் மாட்டியும் பார்த்தேன். மெல்லிய துணிக்கு அந்த வேகம் ஆகாது, சுருங்கிக்கொண்டே வரும். கழற்றி வைத்துவிட்டேன்.

பக்கத் தையலுக்கு ஓவர்லாக் கிடையாது. துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்க ஓரமாக ஒரு தையல், பிசிறை நறுக்கி, திருப்பி உள்பக்கம் இன்னொரு தையல். பிசிறு முழுக்க உள்ளே அடைந்துவிடும், உடம்பில் உறுத்துவதற்கு ஒன்றுமில்லை. வேலை இரட்டிப்புதான். ஆனால் மகளுக்கு அந்தப் பழைய வேர்க்குரு அப்புறம் வரவில்லை.

குறையும் உண்டு. வெளிர் நிற மல்மலுக்கு உள்ளே ஒரு ஷிம்மி கட்டாயம். அக்குள்தான் முதலில் கிழியும். அங்கே ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்த நைட்டிகள் மூன்று வருடம் தாண்டுகின்றன. அத்தைக்குப் பாக்கெட் வேண்டும். சாவிக்கொத்துப் பாரத்தில் மல்மல் தொங்கிவிடுகிறது என்பதால், இந்தத் தடவை பாக்கெட் வாய்க்கு உள்ளே கெட்டியான பாப்ளின் துணிப் பட்டி வைத்திருக்கிறேன்.